வேலை இடத்துப் பாலியல் தொல்லையைத் தெரிந்தே நியாயப்படுத்துகிறார்களே, மனசாட்சி எப்படி ஒத்துக்கொள்கிறது?

கேள்வி: நடுப்பக்கம்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு மூத்த மேலாளர் மீது என் குழுவில் இருக்கும் ஒரு இளம்பெண் பாலியல் தொல்லை புகார் கொடுத்திருக்கிறாள். விசாரணை நடக்கிறது, அதனால் எந்த இடம், எந்தத் துறை என்பதெல்லாம் வேண்டாம். சட்டப்படி அடுத்து என்ன செய்வது என்று கேட்கவும் வரவில்லை, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

அந்த ஆள் செய்வது ரகசியமே இல்லை. கணினித் திரையில் எதையோ காட்டுகிற சாக்கில் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். இரண்டு கையையும் அவளுக்கு இரண்டு பக்கமும் மேஜையில் ஊன்றிக்கொண்டு, முகம் அவள் காதருகே வருகிற மாதிரி குனிந்து பேசுவார். அவளால் எழுந்திருக்கவும் முடியாது, நகரவும் முடியாது. ராத்திரி 11 மணிக்கு 'தூங்கியாச்சா?' என்று செய்தி வரும். பதில் போடாவிட்டால் மறுநாள் கூட்டத்தில், பேர் சொல்லாமல், 'சில பேருக்கு வேலையில அக்கறையே இல்ல' என்பார். ஒரு நாள் அவள் தன் மேஜையை இழுத்துத் திருப்பிப் போட்டு, நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிற மாதிரி மாற்றிக்கொண்டாள். ஏன் மாற்றினாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

புகார் போன பிறகு என் காதில் விழுவதைச் சொல்கிறேன். 'அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான், உள்ள ஒண்ணும் கிடையாது.' 'ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை வரும்?' 'அவருக்கும் பொண்ணு இருக்கு, அந்தக் குடும்பத்தை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தாளா?' 'பிடிக்கலைன்னா முதல் நாளே சொல்லியிருக்கணும், இத்தனை நாள் கழிச்சு என்ன?'

இதையெல்லாம் சொல்கிறவர்கள் கெட்டவர்களாக இருந்தால் நான் இங்கே எழுதியிருக்கவே மாட்டேன். அதில் ஒருத்தி என் நெருங்கிய தோழி. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் கூப்பிடாமலே வந்து ராத்திரி முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்தவள். இன்னொருவர், கடைநிலை ஊழியர் ஒருவருக்குச் சம்பளம் பிடித்தார்கள் என்று நிர்வாகத்திடம் போய்ச் சண்டை போட்டவர். நியாயம் தெரிந்தவர்கள். அவர்களால் எப்படி முடிகிறது? உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்களா, அல்லது தப்பு என்று தெரிந்துகொண்டே வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களா? இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? வெறும் கோபத்தைக் கொட்டுகிற பதில் வேண்டாம், கோபம் எனக்கே நிறைய இருக்கிறது.


பதில்: கரும்பலகை

உளவியல் கற்பிக்கிறேன். இந்தக் கேள்வியை மாணவர்களும் வேறு வேறு விதமாகக் கேட்பார்கள். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் அவர்கள் உண்மையிலேயே நம்புகிறார்கள். மனசாட்சி இல்லாதவனுக்கு நியாயம் கற்பிக்க வேண்டிய தேவையே கிடையாது, செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். உறுத்தல் இருக்கிறவர்களுக்குத்தான் காரணம் தேவைப்படுகிறது.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற இரண்டு சமூகவியலாளர்கள், 1957-ல். அவர்கள் பார்த்தது சிறுவயதுக் குற்றவாளிகளை. அதுவரை, இந்தப் பையன்களுக்கு என்று தனி ஒழுக்கம் இருக்கிறது, நம்முடைய சரி தவறு அவர்களுக்குக் கிடையாது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அப்படி இல்லை என்றார்கள். நமக்கு இருக்கிற அதே சரி தவறுதான் அவர்களுக்கும், ஆனால் அந்த விதி 'இந்தத் தடவை பொருந்தாது' என்று ஒதுக்கிவைக்க ஐந்து வழிகள் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். பொறுப்பு என்னுடையது இல்லை. யாருக்கும் பாதிப்பு இல்லை. பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவருக்கு அது வேண்டியதுதான். என்னைக் குறை சொல்கிறவன் யோக்கியனா. கடைசியாக, இதைவிடப் பெரிய கடமை எனக்கு இருக்கிறது. நீங்கள் எழுதிய நாலு வாக்கியத்தையும் இதில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஓரிடத்தில் போய் உட்காரும்.

அப்புறம் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர். மனிதன் தன் அறத்திலிருந்து தன்னைக் கழற்றிக்கொள்கிற எட்டு வழிகளை அவர் விவரித்தார். செயலுக்கு மென்மையான பேர் வைப்பது, இன்னும் மோசமான ஒன்றோடு ஒப்பிட்டு இதைச் சின்னதாக்குவது, பொறுப்பை மேலே தள்ளிவிடுவது அல்லது பத்துப் பேரிடம் பிரித்துக்கொடுத்துவிடுவது, விளைவைக் குறைத்துப் பார்ப்பது, பாதிக்கப்பட்டவர் தலையிலேயே பழியைப் போடுவது, இப்படிப் போகும். 'தொட்டுத்தானே பேசினார், வேற எதுவும் பண்ணலையே' என்பது ஒப்பிட்டுச் சின்னதாக்குகிற வழி. இதை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது சைக்ஸும் மாட்ஸாவும் கடைசியாகச் சொன்னது, பெரிய கடமை. உங்கள் தோழி ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே குணம்தான் இப்போதும் வேலை செய்கிறது. தனக்குத் தெரிந்தவரை, தனக்கு ஏதோ ஒரு நேரத்தில் உதவியவரை, கஷ்டகாலத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிற விசுவாசம். அந்த மேலாளர் அவளுக்கு ஏதாவது உதவி செய்திருப்பார், அநேகமாக. அவளைப் பொறுத்தவரை அவள் இப்போது அநியாயத்துக்குத் துணை போகவில்லை, நன்றி மறக்காமல் இருக்கிறாள். விசுவாசம், இரக்கம், நன்றி எல்லாம் நிஜமான நற்குணங்கள். அவை போய்ச் சேருகிற ஆள்தான் தப்பு. அதனால்தான் இதை உடைப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. நல்ல குணம் ஒன்றைக் கைவிடச் சொல்கிற மாதிரி அவர்களுக்குப் படும்.

பாதிக்கப்பட்டவர் மீதே குறை கண்டுபிடிப்பது பற்றி ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ் 1966-ல் வெளியிட்டது. ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நடித்துக் காட்டி, பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் அவளைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். அவளுடைய வேதனையை நிறுத்த வழி இருந்தபோது அவளைப் பற்றி அவ்வளவு மோசமாகச் சொல்லவில்லை. வேதனை தொடரப்போகிறது, தங்களால் எதுவும் செய்ய முடியாது என்று நினைத்தவர்கள்தான் அவளை மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள, அவளிடம் ஏதோ குறை இருக்கத்தான் வேண்டும் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. உங்கள் அலுவலகத்தில் மேஜை திரும்பியதைப் பார்த்தும் வாயைத் திறக்காத அத்தனை பேரும் ஏறக்குறைய அந்த நிலையில் இருக்கிறார்கள். பார்த்தார்கள், ஒன்றும் செய்யவில்லை, இப்போது புகார் வந்துவிட்டது. அவள் சொல்வது உண்மை என்று ஒப்புக்கொண்டால் அடுத்து தங்களைப் பற்றி என்ன ஒப்புக்கொள்ள வேண்டிவரும்? அந்தக் கேள்வி வராமல் இருக்க அவள் குணத்தில் ஒரு கோளாறு தேவைப்படுகிறது.

சம்பளத்துக்காகச் சண்டை போட்டவர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2001-ல் பெனுவா மொனின், டேல் மில்லர் நடத்திய ஆய்வில், பெண்களை அப்பட்டமாக மட்டம் தட்டுகிற வாக்கியங்களை முதலில் மறுக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள், அடுத்ததாக ஒரு வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ஆணுக்குச் சாதகமாகச் சாய்வது அதிகமாக இருந்தது. தான் நியாயமான ஆள் என்று ஒருமுறை நிரூபித்துவிட்டால் அடுத்த தடவை கொஞ்சம் தளர்த்திக்கொள்ள மனசு இடம் கொடுக்கிறது. அவர் சண்டை போட்டது பொய்யில்லை. அந்தச் சண்டையின் வரவு இன்னும் அவர் கணக்கில் இருக்கிறது.


பதில்: மூன்றாம்நாற்காலி

பல நிறுவனங்களில் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். கரும்பலகை எழுதியதை வாக்குமூலத் தாளில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு விசாரணையில், நேரில் பார்த்த சாட்சி ஒருவர், நல்ல மனிதர், தன் கையால் எழுதினார். முதலில் 'தோளில் கை வைத்து அழுத்தினார்' என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துப் பார்த்துவிட்டு, 'அழுத்தினார்' என்பதை அடித்து 'தட்டிக்கொடுத்தார்' என்று மாற்றினார். யாரும் மிரட்டவில்லை, நிர்வாகத்து ஆள் யாரும் அறையிலேயே இல்லை. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். 'அப்படி எழுதினா ரொம்பத் தப்பாத் தெரியுதுங்க' என்றார். பார்த்ததை மறுக்க அவருக்கு மனசு வரவில்லை, பார்த்தபடி எழுதவும் வரவில்லை. நடுவில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு திருத்தத்தால் புகார் கொடுத்த பெண் மிகைப்படுத்துகிறவளாக ஆகிவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அடித்ததும் திருத்தியதும் தாளில் அப்படியே இருந்ததால் குழு இரண்டையும் படித்தது, அது வேறு விஷயம்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒழுக்கத்தின் மொழியில்தான் இருக்கும், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. 'நான் என் டீமைக் குடும்பமாப் பார்க்கிறேன்.' 'வழிகாட்டணும்னு நெனச்சேன், அதுக்கு இதுதான் பரிசா?' 'இங்க பெண்களுக்கு அதிகமா பதவி உயர்வு கொடுத்ததே நான்தான்.' கடைசியாகச் சொன்னதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும், கோப்புகளில் ஆதாரம் இருக்கும். அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் இருக்கிற வருத்தம் நடிப்பு இல்லை. உண்மையிலேயே தனக்குத் துரோகம் நடந்ததாக உணர்கிறார்கள். மறுப்பது, புகார் சொன்னவரைத் தாக்குவது, பிறகு தானே பாதிக்கப்பட்டவர் என்று இடம் மாறி உட்காருவது என்று இந்த வரிசையை ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற உளவியலாளர் 1997-ல் எழுதினார். நான் உட்கார்ந்த அறைகளில் பல தடவை அதே வரிசையில்தான் நடந்திருக்கிறது.

இரக்கம் பற்றிச் சொன்னீர்கள், அந்தக் குடும்பம், அந்தப் பெண் குழந்தை. அவருக்கு ஏற்படப்போகிற நஷ்டம் இனிமேல் வரப்போவது, கண்ணுக்குத் தெரிவது: வேலை, பேர், வீட்டுக் கடன். அவளுக்கு ஏற்பட்ட நஷ்டம் ஏற்கெனவே நடந்து முடிந்தது, அதுவும் துண்டு துண்டாக. நல்ல ஒரு திட்டப்பணியை அவர் கீழே வேலை செய்ய வேண்டும் என்பதற்காக வேண்டாம் என்றிருப்பாள். வெளியூர்ப் பயணத்துக்கு உடம்பு சரியில்லை என்றிருப்பாள். கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் பையை வைத்திருப்பாள். ஒவ்வொன்றுக்கும் அப்போது ஒரு சாதாரணக் காரணம் இருந்தது, அதனால் யாரும் அதை நஷ்டமாகவே எண்ணவில்லை. ஒரு கண்ணீர் கண் முன்னால், இன்னொன்று எப்போதோ காய்ந்துவிட்டது. எந்தப் பக்கம் மனசு போகும்?

நிறுவனமும் தன் பங்குக்கு உதவுகிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2018-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை, பாலியல் தொல்லை நடக்குமா நடக்காதா என்பதை முன்கூட்டிச் சொல்வதில் எல்லாவற்றையும்விட வலுவானது நிறுவனத்தின் சூழல்தான் என்றது. அதாவது, இங்கே இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று ஊழியர்கள் நினைக்கிறார்களா இல்லையா என்பது. அதற்கு முன்பே ஜான் பிரையரும் உடன் ஆராய்ந்தவர்களும் 1993-ல் எழுதியது இருக்கிறது: இப்படி நடந்துகொள்ளக்கூடிய மனப்போக்கு அதிகமுள்ள ஆண்கள், பொறுப்பில் இருக்கிறவர் அப்படி நடந்துகொள்வதைப் பார்த்தபோதுதான் தாங்களும் அப்படி நடந்துகொண்டார்கள். பொறுப்பில் இருக்கிறவர் ஒழுங்காக இருந்தபோது அந்த மனப்போக்கு வெளியே வரவில்லை. ஆக, உங்கள் மேலாளருக்கு அனுமதி கொடுத்தது அவர் மனசாட்சி மட்டும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு, 'அவர் அப்படித்தான்' என்று சொன்ன சமாதானம், இதையெல்லாம் கடன் வாங்கித்தான் அவர் தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.


பதில்: நேர்கோடு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், திட்டுவதற்கு முன் முழுசாகப் படியுங்கள். இப்படி நடந்துகொள்கிறவர்களுக்காக நான் பேசவில்லை. ஆனால் விசாரணை முடியும் முன்பே, அவருக்காகப் பேசுகிற எல்லோரும் மனசாட்சியைக் கழற்றி வைத்தவர்கள் என்று முடிவு கட்டுவது சரியில்லை. கேள்வி கேட்டவர் நேரில் பார்த்திருக்கிறார், சரி. எல்லோரும் பார்த்திருப்பார்களா? பத்து வருஷம் ஒருவரோடு வேலை செய்து ஒரு குறையும் பார்க்காதவர், 'எனக்குத் தெரிந்தவரை நல்லவர்' என்று சொன்னால் அது நியாயப்படுத்தல் இல்லை, அவருக்குத் தெரிந்த உண்மை. 'எல்லோருக்கும் தெரியும்' என்ற வாக்கியம் அப்பாவிகளையும் கவிழ்த்திருக்கிறது.

இரண்டாவது, நோக்கம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? தொட்டுப் பேசுகிற பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஆண்களையும் அப்படித்தான் தொட்டுப் பேசுவார்கள். அவருக்கு அது தப்பாகவே தெரியாது, எதிரில் இருப்பவரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார், அப்புறம் ஒரு நாள் திடீரென்று புகார் வருகிறது. அந்த மனிதனைத் திட்டமிட்டுச் செய்தவனோடு ஒரே தட்டில் வைக்கலாமா? எனக்கு இதற்கு நிஜமாகவே பதில் வேண்டும்.


பதில்: ஈரமணல்

நேர்கோடு, நீங்கள் நிஜமாகக் கேட்டதால் நானும் நிஜமாகச் சொல்கிறேன்.

முதல் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். 'நான் எதையும் பார்க்கவில்லை' என்பது நேர்மையான பேச்சு. ஆனால் அதிலேயே நிற்கிறவர்கள் குறைவு. 'நான் பார்க்கல' என்பது அடுத்த மூச்சிலேயே 'அப்ப நடந்திருக்காது' ஆகிவிடும், அதற்கு அடுத்து 'அவளுக்கு என்ன உள்நோக்கமோ' ஆகிவிடும். தெரியாது என்று சொன்னவருக்கு அவள் உள்நோக்கம் மட்டும் எப்படித் தெரிந்தது? சந்தேகத்தின் பலனை இரண்டு பேருக்கும் கொடுக்க முடியும். நான் பார்த்தவரை ஒருவருக்குத்தான் கொடுக்கிறார்கள்.

இப்போது அந்தச் சிரிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர் பேசி முடிக்கும்போது இடுப்பில் கை வைப்பார். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற சிரிப்பு. அந்த நொடியில் உடம்பு கணக்குப் போடுகிறது: இவர் கையில்தான் என் தகுதிகாண் அறிக்கை இருக்கிறது, அறையில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், நான் கையைத் தட்டிவிட்டால் அசிங்கப்படுவது அவரா நானா. கணக்கு முடிவதற்குள் அவர் போயிருப்பார். பின்னால் அந்தச் சிரிப்பைத்தான் எல்லோரும் சாட்சியாகக் காட்டினார்கள்.

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஜூலி வுட்சிக்காவும் மரியான் லாஃபிரான்ஸும் 2001-ல் வெளியிட்டது. வேலைக்கான நேர்காணலில் ஓர் ஆண், 'உனக்குக் காதலன் இருக்கிறானா' என்பது போன்ற கேள்விகளைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பகுதிப் பெண்களிடம் கற்பனை செய்யச் சொன்னார்கள். 62 சதவீதம் பேர் அவனைத் தட்டிக்கேட்போம் என்றார்கள், பயம் வரும் என்றவர்களைவிடக் கோபம் வரும் என்றவர்கள்தான் அதிகம். இன்னொரு பகுதிப் பெண்களை, நிஜ நேர்காணல் என்று நம்பவைத்து உட்காரவைத்து, அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஒருவர்கூடப் பதில் சொல்ல மறுக்கவில்லை. அவர்களுக்கு வந்தது கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். 'நானா இருந்தா அறைஞ்சிருப்பேன்' என்று சொல்கிறவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஆனால் அந்தக் கற்பனையை அளவுகோலாக வைத்துத்தான் சிரித்தவளை அளக்கிறார்கள், அதனால்தான் 'முதல் நாளே சொல்லியிருக்கணும்' என்பது அவர்களுக்கு அவ்வளவு நியாயமாகப் படுகிறது. அமெரிக்க சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் பணிக்குழு 2016-ல் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள்: தொல்லைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் மேலதிகாரியிடமோ நிர்வாகத்திடமோ தொழிற்சங்கத்திடமோ அதைப் பற்றிப் பேசியதே இல்லை. உடனே சொல்வது வழக்கம் என்றும், தாமதம் சந்தேகத்துக்குரியது என்றும் நினைப்பது நடப்புக்கு நேர் எதிரானது.

நோக்கம் பற்றி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் 190-வது உடன்படிக்கையை ஏற்றது, 2021-ல் நடைமுறைக்கு வந்தது. வேலை உலகத்தில் வன்முறையும் தொல்லையும் என்றால் என்ன என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். தீங்கு செய்யும் நோக்கமுள்ள நடத்தை மட்டும் இல்லை, தீங்கில் முடிகிற நடத்தை, முடியக்கூடிய நடத்தை எல்லாமே அதில் அடங்கும், ஒரு தடவை நடந்தாலும். தண்டனை எவ்வளவு என்று முடிவு செய்யும்போது நோக்கத்தைப் பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும், நீங்கள் சொல்கிற வித்தியாசம் அங்கே வரட்டும். ஆனால் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு 'அவர் மனசுல ஒண்ணும் இல்ல' என்பது பதிலே ஆகாது. அவர் மனசு அவரிடம் இருக்கிறது, கை என் மேல் இருந்தது.

அப்புறம், 'எல்லாரையும் தொட்டுப் பேசுவார்' என்பதை ஒரு தடவை சோதித்துப் பாருங்களேன். தனக்கு மேலே இருக்கிற இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று குனிந்து, இரண்டு பக்கமும் கையை ஊன்றிப் பேசுகிறாரா? என் அனுபவத்தில் பழக்கம் என்று சொல்லப்பட்ட எதுவும் பதவியில் மேலே போனதே இல்லை, எப்போதும் கீழேதான் இறங்கியது. தொடக்கூடாத இடம் எது, ஆள் யார் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சட்டமும் ஒரே நாளில் இந்த நிலைக்கு வந்துவிடவில்லை. வங்கி ஊழியரான ஒரு பெண் தன் மேலதிகாரியின் பாலியல் தொல்லைக்காகத் தொடுத்த மெரிட்டர் சேவிங்ஸ் பேங்க் வழக்கில், 1986-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவள் தானாக இணங்கினாளா என்பது கேள்வி இல்லை, அந்த அணுகுமுறை அவளுக்கு விருப்பமில்லாததா என்பதுதான் கேள்வி என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய முன்னேற்றம். அதே தீர்ப்பில், புகார் சொன்ன பெண்ணின் உடையும் பேச்சும் சம்பந்தமே இல்லாதவை என்று சொல்லிவிட முடியாது என்றும் எழுதினார்கள். நீதிபதிகளாலேயே அந்தக் கதவை முழுசாகச் சாத்த முடியவில்லை.


பதில்: நேர்கோடு

பதவியில் மேலே போனதே இல்லை என்று எழுதியது எனக்கு உறைத்தது. விசாரணை நியாயமாக நடக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, அதில் நீங்களும் மாறவில்லை என்று புரிகிறது. நோக்கம் எந்தக் கட்டத்தில் வரவேண்டும் என்பதை இப்படி யாரும் எனக்குப் பிரித்துச் சொன்னதில்லை. நன்றி.


பதில்: நடுப்பக்கம்

எல்லோர் பதிலையும் இரண்டு தடவை படித்தேன். கரும்பலகை, நீங்கள் யூகித்தது சரி. என் தோழி குழந்தை பெற்றுத் திரும்பி வந்தபோது அவள் பதவியை வேறு ஒருவருக்குக் கொடுக்க நிர்வாகம் பார்த்தது, தடுத்தவர் அந்த மேலாளர்தான். அதை நான் மறந்தே போயிருந்தேன். இப்போது அவள் பேசுவது வேறு மாதிரி கேட்கிறது. கோபம் போகவில்லை, ஆனால் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அவளும் பார்த்திருக்கிறாள், அது எனக்கு நிச்சயம். மேஜையைத் திருப்பும்போது ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி உதவியதே அவள்தான். குழு அவளையும் சாட்சியாகக் கூப்பிடும். நான் என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது? 'அவர் நல்லவர்' என்று அவள் தொடங்கினால் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது, ஏனென்றால் அவளுக்கு அவர் நல்லவராகத்தான் இருந்திருக்கிறார்.


பதில்: மூன்றாம்நாற்காலி

அதை மறுக்காதீர்கள். 'ஆமாம், உனக்கு அவர் நல்லது செஞ்சார், அந்த நன்றி உனக்கு இருக்கணும்தான்' என்றே தொடங்குங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று எந்தக் குழுவும் தீர்ப்புச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. இன்ன நாள், இன்ன இடம், இன்னது நடந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. அவள் மனசில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது: கண்ணால் பார்த்ததைச் சொன்னால் தன்னைக் காப்பாற்றியவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டதாக ஆகிவிடும் என்று பயப்படுகிறாள். உதவியது உண்மை, இதுவும் உண்மை, ஒன்று இன்னொன்றை அழிக்காது என்று யாராவது ஒருத்தர் அவளிடம் சொல்ல வேண்டும். நான் பார்த்த சாட்சிகளில் சிலர் இதைக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்கள். ஒரு பெண், அவர் தனக்குச் செய்த உதவியையும் வாக்குமூலத்திலேயே எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றோம். எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் பார்த்ததை அப்படியே எழுதினார்.

அவள் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கூப்பிடுவதும் கேட்பதும் குழுவின் வேலை. பேசும்போது உங்கள் வாக்குமூலத்தில் என்ன எழுதினீர்கள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள், அவள் பார்த்தது என்ன என்று விவரம் கேட்கவும் வேண்டாம். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொன்னதாக எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்பார்கள். அதற்கு இடம் கொடுத்தால் நஷ்டம் புகார் கொடுத்த பெண்ணுக்குத்தான்.